சாரமில்ல

நான் மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த அன்று அந்த அக்காவின் வாயிலிருந்து கேட்ட முதல் சொல் "சாரமில்ல" என்பதுதான். எங்கள் இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்குக் கை வழுக்கி, அதன் ஒரு மூலை, படிக்கட்டுக்குக் கீழே வழி காட்டிக்கொண்டு நின்ற அக்காவின் கால் பெருவிரல்மேல் இறங்கிவிட்டது. நான் பதறிப்போய் ஓடினேன். வீட்டின் சொந்தக்காரி அவள். வந்த முதல் நாளே இப்படி ஆகிவிட்டதே என்றிருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடித் திறந்து, "சாரமில்ல மோளே, சாரமில்ல" என்றாள்.

எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். எங்களுக்குச் சாரம் என்றால் ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கைலி. என் வீட்டுக்காரர் கட்டட வேலை செய்கிறவர். அவருக்குச் சாரம் என்றால் ஏறி நின்று சுவர் பூசுவதற்காகக் கட்டுகிற கம்புகள். இரண்டில் எது இல்லை என்கிறாள் என்று புரியாமல் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பீரோ தூக்கி வந்த ஆள்தான், "பரவாயில்லன்னு சொல்றாங்க" என்று விளக்கினார்.

அந்த விரலின் நகம் கறுத்து, விழுந்து, புது நகம் முளைக்கும்வரை அக்கா ஒரு காலைச் சாய்த்துத்தான் நடந்தாள். வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

மசாலா கிடங்குகளுக்குப் பின்னால், ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரில் வருகிறவர்கள் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டிய சந்து அது. கீழ்வீட்டில் அக்கா தனியாக இருந்தாள். மாடியில் ஓர் அறையும் அடுக்களையும் எங்களுக்கு. அவளுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்காக வந்தவர்கள். அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் கொச்சியில்தான். வீட்டில் தமிழ் பேசுவாள், மலையாளப் பத்திரிகை படிப்பாள், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். ஆனால் அந்தக் கோபம் எப்போதும் பிறர் பொருட்டுத்தான். நான் இரண்டு முறை தும்மினால் போதும், கீழேயிருந்து மிளகுக் கஷாயத்தோடு ஏறி வந்துவிடுவாள். என் வீட்டுக்காரர் வேலையில் கையைக் கிழித்துக்கொண்டு வந்த அன்று, "ஆஸ்பத்திரி போகாம இங்க எதுக்கு வந்த நீ" என்று அவரைச் சந்து முனைவரை துரத்தினாள்.

அவளுக்கென்று வந்தால் மட்டும் எதுவும் சாரமில்லை. ஒரு முறை பல் வலியில் ஒரு பக்கக் கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. அந்த முகத்தோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அதுதான் தொழில். பஜார் முனையில் இருந்த சாயாக்கடைக்குத் தினமும் காய்கறி கட்லெட் செய்து கொடுப்பாள். "டாக்டர்கிட்ட போலாம் வாங்க" என்றேன். வீங்கிய வாயைத் திறக்க முடியாமல், "ஆரமில்ல" என்று ஏதோ சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அவள் கணவர் இறந்த கதையைக்கூட அப்படித்தான் சொன்னாள். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே போய்விட்டாராம். பிள்ளை இல்லை. பச்சை மிளகாய் நறுக்கிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டு, என் முகம் வருத்தத்தில் வாடியதைப் பார்த்து, "நீ எதுக்கு விஷமிக்கற? அது பண்டு நடந்தது. சாரமில்ல" என்று என்னைத் தேற்றினாள். அன்று மாடிக்கு ஏறிப் போகும்போது எனக்கு என்னவோ போலிருந்தது. இதுவே சாரமில்லை என்றால், இந்த மனுஷிக்கு எதுதான் சாரம்?

களமசேரியில் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வருவார். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, "இந்தப் பழைய வீட்டில ஒத்தைக்கு எதுக்கு கெடக்கற? என்கூட வந்துரு" என்பார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். அக்காவுக்குக் கால் விரல் அடிபட்டது தெரிந்திருந்தால் அன்றைக்கே கையோடு கூட்டிப் போயிருப்பார். அவர் வரும் ஞாயிறுகளில் மட்டும் அக்கா காலைச் சாய்க்காமல் நடந்ததை நான் கவனித்திருக்கிறேன்.

பிறகு கொரோனா வந்தது. முதலில் எனக்கு, அடுத்து என் வீட்டுக்காரருக்கு, எங்களுக்குக் கஞ்சி வைத்துப் படியில் வைத்துவிட்டுப் போன அக்காவுக்குக் கடைசியாக. காய்ச்சல் இறங்கியது. உயிர் பிழைத்ததே போதும் என்றிருந்தோம். கடைகள் திறந்தன, நான் பிராட்வேயில் வேலை பார்த்த ஃபேன்சி ஸ்டோருக்குத் திரும்பப் போகத் தொடங்கினேன், அக்காவும் கட்லெட் போட ஆரம்பித்தாள்.

ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. நான் வேலைக்குக் கிளம்பிப் படி இறங்கும்போதெல்லாம் கூப்பிட்டு ஒரு கட்லெட் துண்டை நீட்டுவாள். "மோளே, ஒரு சின்ன கஷணம் தின்னு நோக்கு. எப்படி இருக்கு?" முன்பெல்லாம் அவள் யாரிடமும் கேட்டதில்லை. வயசாகிறது, துணைக்கு ஆள் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் ஒருநாள் சாயாக்கடைச் சேட்டன் கட்லெட் பாத்திரத்தை மூடியது மூடியபடி திருப்பிக் கொண்டுவந்தார். சத்தம் போடாமல், வருத்தமாகத்தான் சொன்னார். "சேச்சி, எண்ணெய் கனச்சு போயிருக்கு." திறந்து பார்த்தேன். சிக்கு வாடை குப்பென்று அடித்தது. அக்கா ஒன்றை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"சாரமில்ல, நாளைக்குப் புது எண்ணெய்" என்று சொல்லிப் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்கலாம். புரியவில்லை.

புரிந்தது ஒரு சாயங்காலம். வேலை முடிந்து வந்து சந்துக்குள் திரும்பியபோதே லேசாக வாடை வந்தது. வாசலில் கால் வைத்ததும் தலை கிறுகிறுத்தது. கேஸ். வீட்டுக்குள் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கொசு வரும் நேரம் என்று சாத்தியிருக்கிறாள். அக்கா சாமி படத்துக்கு முன்னால் விளக்கில் திரியைத் திருத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் தீப்பெட்டி.

"அக்கா, கொளுத்தாதீங்க" என்று கத்தியபடி செருப்புக் காலோடு உள்ளே ஓடித் தீப்பெட்டியைப் பிடுங்கினேன். அவளை முதுகில் கைவைத்து வாசலுக்குத் தள்ளினேன். திரும்ப ஓடி சிலிண்டரை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்திருந்தது. திருகு திறந்தே கிடந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

வெளியே வந்து பார்த்தால் அக்கா வாசற்படியில் நின்று என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மோளே? என்ன ஆச்சு?"

"கேஸ் லீக்காகி வீடு பூரா நாறுதுக்கா. உங்களுக்குத் தெரியலையா?"

"எங்க?"

அந்த 'எங்க' என்ற கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். என் கையிலிருந்த தீப்பெட்டியை அவள் பார்த்தாள். பிறகு திறந்த ஜன்னல்களைப் பார்த்தாள். அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பயிருந்துக்கா?"

"பனி வந்து போனதுக்கப்புறம்." காய்ச்சலை அவள் பனி என்றுதான் சொல்வாள். "ஒண்ணும் தெரியல மோளே. சோப்பும் மல்லிப்பூவும் மீனும் எல்லாம் ஒண்ணுபோல. நாக்குக்கு உப்பு தெரியும், புளிப்பு தெரியும். அவ்வளவுதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அண்ணன் வந்து இந்த வீட்டப் பூட்டிடுவான்." பிறகு வழக்கம்போல, "போட்டும், சார..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்க்கா" என்றேன். "இந்த ஒரு தடவை அந்தச் சொல்லச் சொல்லாதீங்க. நான் அஞ்சு நிமிஷம் பிந்தி வந்திருந்தா நீங்களும் இல்ல, இந்த வீடும் இல்ல."

அவள் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்குப் பயமாகவும் இருந்தது, ஏதோ ஓர் இறுக்கம் விட்டதுபோலவும் இருந்தது.

இரண்டு பேரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் வீட்டில் இல்லாதபோது அவள் அடுப்பைத் தொடக்கூடாது. சாப்பாடு மாடியில் என்னோடு. அண்ணனிடம் நானாகப் போய்ச் சொல்லமாட்டேன், அவளாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் கட்லெட் நின்றுபோனால் கை கட்டி உட்கார அவளால் முடியாது. மறுநாளே, "தீ இல்லாம என்ன செய்யலாம்னு ஆலோசிக்கறேன்" என்றாள்.

அவள் யோசித்துக் கண்டுபிடித்தது ரொட்டி. பேக்கரி ரொட்டியில் வெள்ளரியும் தக்காளியும் அடுக்கி, நடுவில் தடவ ஒரு சாஸ். கடையில் வாங்கும் சாஸ் வேண்டாம் என்றாள். கடுகை எடுத்து, பாதிக்குப் பாதி தண்ணீரும் வினிகரும் ஊற்றி ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊறவைத்தாள். அது குடித்து உப்பி, மறுநாள் விரலால் நசுக்கினால் நசுங்குகிற பதத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். உப்பு, கொஞ்சம் சர்க்கரை, நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தாள். விழுது முழுதும் மையாகாமல் அங்கங்கே முழுக் கடுகு தெரிய வேண்டும் என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு மூடியைத் திறந்து, அரைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் வந்து சுவரில் சாய்ந்தாள்.

"என்னக்கா?"

"கேறிச்சு மோளே" என்றாள். "மூக்கில கேறிச்சு. உச்சி வரைக்கும்."

நான் பக்கத்தில் ஓடினேன். அவள் திரும்பவும் ஜாருக்குமேல் குனிந்தாள். திரும்பவும் கண்ணீர். மூன்றாம் முறை குனியப் போனவளை நான்தான் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் இருமிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தோம். மாதக்கணக்கில் ஒன்றுமே நுழையாத அந்த மூக்கில் ஏதோ ஒன்று நுழைந்துவிட்டது. மணம் திரும்பிவிட்டது என்றே இருவரும் நம்பினோம். உடனே காபித்தூள் டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஆவலாக முகர்ந்தாள். ஒன்றுமில்லை. சோப்பை எடுத்து வந்தேன். அதுவும் இல்லை.

இந்த முறை டாக்டரிடம் வர மறுக்கவில்லை. "என்ன பிரச்சினை?" என்று டாக்டர் கேட்டதும் வாயைத் திறந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். டாக்டர் கடுகுக் கதையைக் கேட்டுச் சிரித்தார். கடுகு மூக்கில் ஏறுவது மணமில்லையாம். அது உள்ளே தோலைத் தொடுகிற எரிச்சல். அதை அறிகிற நரம்பு வேறு, மணத்துக்கான நரம்பு வேறு. அக்காவின் முகம் வாடியது. "ஆனா திரும்ப வரலாம். மெதுவா வரும். எப்பன்னு சொல்ல முடியாது" என்றார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், காபித்தூள், யூகலிப்டஸ் தைலம், இவற்றைக் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அதன் பழைய மணத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார். அன்று முதல் விளக்கு வைத்த கையோடு அக்கா சம்மணம் போட்டு அமர்ந்து, கண்ணை மூடி, நான்கையும் ஒவ்வொன்றாக முகர்வாள். பார்க்கிறவர்கள் அதையும் பூஜை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சாஸை அவள் விடவில்லை. அரைத்த அன்று அது கசக்கும், இரண்டு நாள் மூடி வைத்தால் கசப்பு போய்விடும். அதற்குப் பிறகு பரணி என்கிற ஜாடியிலிருந்து மாங்காயும் வெள்ளரியும் எடுப்பாள். உப்புநீரில் காந்தாரி மிளகாயோடு ஊறுகிற காய்களை அங்கே உப்பிலிட்டது என்பார்கள். அவற்றைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஈரம் போகப் பிழிந்து, துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிரில் போட்டு, மேலே கடுகு விழுதைச் சேர்த்துக் கலக்குவாள். தீயே வேண்டாம். கலக்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்து, "கொஞ்சம் சர்க்கரை" என்பாள், போடுவாள். "மதி" என்பாள், போதும் என்று. என்னைக் கூப்பிடவே இல்லை. முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. பிறகுதான் விளங்கியது. உப்பு, புளிப்பு, இனிப்பு, ஏறுகிற காரம் என்று அந்த சாஸில் இருந்ததெல்லாம் அவளிடம் மிச்சம் இருந்தவைதான். யாரையும் கேட்காமல் அவளே சரி பார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்று அவளுக்குக் கிடைத்துவிட்டது.

சாயாக்கடைச் சேட்டன் முதலில் சந்தேகமாகத்தான் ஒன்றைக் கடித்தார். கண் கலங்கி, தலையை உலுக்கி, "இது கொள்ளாம் சேச்சி" என்றார். நன்றாக இருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு ரொட்டி திரும்பி வந்ததே இல்லை.

இப்போது நாங்கள் வீடு மாறிச் சுள்ளிக்கல்லில் இருக்கிறோம். இந்த சாஸ் என் வீட்டு ஃபிரிட்ஜில் தீர்ந்ததில்லை. என் வீட்டுக்காரர் தோசைக்கே தொட்டுக்கொள்கிறார். அக்காவிடம் சொன்னபோது, "அதென்ன அக்கிரமம்" என்று போனிலேயே சண்டைக்கு வந்தாள்.

அண்ணன் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ரொட்டி தொடங்கிய அந்த மாதம் அவர் வந்தபோது அக்கா ரொட்டியைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்ன, அடுப்புப் பக்கமே ஆள் அனக்கமில்ல? கட்லெட் இல்லையா?"

நான் படியில் நின்றிருந்தேன். அக்கா சொல்லமாட்டாள், பேச்சை மாற்றிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, எனக்கு மணம் தெரியாது. பனி வந்ததிலேர்ந்து. கேஸ் தொறந்து கெடந்தது, நான் அறியாம விளக்கு கொளுத்தப் போனேன். இவ வந்ததால இருக்கேன்."

அண்ணன் வாயிலிருந்த ரொட்டியை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். விழுங்கினார். எழுந்து அடுக்களைக்குப் போய் சிலிண்டரைப் பார்த்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "வண்டி பிடிக்கப் போயிருக்கான். என் துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்வான்" என்றாள் என்னிடம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் ஓர் ஆட்டோவில் திரும்பி வந்தார். ஆட்டோவிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். கரண்டில் ஓடும் இண்டக்‌ஷன் அடுப்பு. மேடையில் வைத்து, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சுட வைத்துக் காட்டினார். பிறகு சிலிண்டரைக் கழற்றி, தானே உருட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினார்.

"இத நான் கொண்டு போறேன். நீ இங்கயே இரு" என்றார்.

அக்காவுக்கு நம்ப முடியவில்லை. "உனக்குப் பேடியில்லையா?" என்றாள். பயத்தைத்தான் பேடி என்கிறாள்.

"பேடி இல்லாமயா? இத்தனை நாளும் நீ ஒண்ணும் சொல்லமாட்ட, அதான் எனக்குப் பேடி. ராத்திரி போன் அடிச்சாலே நெஞ்சு அடிக்கும். இனி சொல்லுவ இல்ல?"

"சொல்லுவேன்."

"அது மதி" என்றார் அவர். தட்டில் மீதியிருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வண்டி சந்து முனை திரும்பும்வரை அக்கா வாசலில் நின்றாள். உள்ளே வந்ததும் பாயை விரித்துப் படுத்து, பட்டப்பகலில், விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினாள். அவள் பகலில் படுத்து அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு சொல்லத் தொடங்கினாள். முட்டி வலிக்கிறது, இந்தச் சாயாவில் இனிப்பு போதாது, இன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை. சில நாள் கேட்டு மாளாது. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலை. ரொட்டிப் பாத்திரத்தைத் தூக்க நானும் கூடப் போனேன். கடைக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் பாலம், அடியில் கால்வாய். கடல் நீர் வடிந்திருந்ததால் கறுத்த சேறு தெரிந்தது. கிடங்குக் கழிவும் மீன் கழிவும் எல்லாம் வந்து நிற்கிற இடம் அது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாகத் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அக்கா இல்லை. பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னக்கா, தலை சுத்துதா?"

அவள் மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. "மோளே, இங்க நாத்தம் அடிக்குதா?"

"ஆமாக்கா. கொடலைப் பெரட்டுது."

"அழுகின மாதிரி. சேறு மாதிரி. பின்ன, உணக்கமீன்."

"ஆமாக்கா, கருவாடுதான்" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை ஆழமாக இழுத்தாள். பாலத்தைக் கடந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்துவிட்டு ஓடினார்கள். நானும் போய் அவள் பக்கத்தில் நின்று, பிடித்திருந்த மூச்சை விட்டேன். நாற்றம் தாங்க முடியவில்லை. அவள் தோள் என் தோளில் ஒட்டி, லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க நான் திரும்பவில்லை.

தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கித் தலையை நீட்டினார். இரண்டு பெண்கள் காலங்காத்தாலே சாக்கடையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும்.

"எந்தா சேச்சி, தோட்டில் வல்லதும் போயோ?" ஏதாவது கால்வாயில் விழுந்து போய்விட்டதா என்கிறார்.

"போயிருந்தது" என்றாள் அக்கா. "இப்போ கிட்டிச்சு."